குளிரே மடக்கிவிட்ட ஓட்ஸ்

சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் இருபதுக்கு முப்பது அடியில் தோட்டம், முழுக்கக் களிமண். அக்டோபரோடு தக்காளி, வெண்டை எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் ஏப்ரல் வரை மண் வெறுமனே கிடக்கும். மழையும் உருகும் பனியும் அடித்து அடித்து, வெயில் வந்ததும் மேல்மண் ஓடு போல இறுகிவிடும். அதற்காகத்தான் மூடுபயிராக, அதாவது மண்ணை மூடிக் காக்க மட்டும் வளர்க்கும் பயிராக, ஓட்ஸ் போட ஆரம்பித்தேன்.

சமையலுக்கு விற்கும் ஓட்ஸ் இதற்கு ஆகாது. உமி நீக்கி ஆவி காட்டியிருப்பார்கள், முளைக்காது. கால்நடைத் தீவனக் கடையில் உமியோடு முழு ஓட்ஸ் கேட்டு வாங்குங்கள். என் தோட்டத்துக்கு ஒரு கிலோ போதும்.

முதல் வருடம் தக்காளியை எடுத்த பிறகு, அக்டோபரில் விதைத்தேன். விரல் உயரம் வருவதற்குள் உறைபனி வந்துவிட்டது. மண்ணை மூட அது போதவில்லை. அடுத்த வருடம் தக்காளி நிற்கும்போதே, ஆகஸ்ட் கடைசி வாரத்தில், செடிகளுக்கு நடுவில் தூவி லேசாகக் கிளறிவிட்டேன். அக்டோபர் முடிவில் முழங்கால் உயரம்! செடிகளுக்குப் போட்டதில் மிஞ்சிய தழைச்சத்தையும் மழை அடித்துப் போகாமல் அதுவே இழுத்து வைத்துக்கொள்கிறது.

டிசம்பரில் சில இரவுகள் மைனஸ் பத்துக்குப் போனதும் பயிர் வெளுத்துப் படுத்துவிட்டது. திருவாரூரில் அப்பா நடவுக்கு முன்னால், உரத்துக்காக வளர்த்த தக்கைப்பூண்டுச் செடியை மண்ணுக்குள் மடக்கி உழுவார். வீடியோவில் காட்டியபோது, "யாருப்பா மடக்குனது?" என்று கேட்டார். குளிர்தான் என்றேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரலில் அந்த வைக்கோல் பாயை விலக்கினால் மண்புழு. மண் புட்டுமாவு போல உதிர்ந்தது. இந்தக் களிமண்ணை அப்படி நான் பார்த்ததே இல்லை.

நாற்று நட, பாயில் குழி பறித்தால் போதும். கீரை, கேரட் மாதிரி பொடி விதை என்றால் பாயை ஒதுக்கி, மண் சூடேற இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பக்கத்துப் பாத்தியில் ரை தானியம் போட்டது மட்டும் தவறு. அது குளிரில் சாகவில்லை, மே மாதம் இடுப்பளவு நின்றது, வெட்டினால் திரும்பத் துளிர்த்தது.

டெக்சாஸ் பக்கம் இருப்பவர்களே, உங்கள் குளிருக்கு ஓட்ஸே பெரும்பாலும் சாகாதே. எந்தப் பருவத்தில் வெட்டிச் சாய்க்கிறீர்கள்?