கூழ் கையில ஒட்டக் கூடாது

ஆலங்குடிப் பக்கம், புதுக்கோட்டை மாவட்டம்

பங்குனி பொறந்தா எங்க ஊர் மாதர் மன்றத்துல ஒரே பேச்சுதான்: வத்தல் எப்பப் போடுறோம்? மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு பாத்திரம் கழுவிக் கவுத்த பிறகு கூடுவோம். அங்கன்வாடித் திண்ணைதான் எங்க கட்டடம். நோட்டுல இருபத்திரண்டு பேர், வர்றது பதினாலு பேர், நூறு நாள் வேலை இருந்தா ஆறு பேர். நான் மூணு வருஷமா செயலாளர். அதாவது நோட்டும் பொட்டிச் சாவியும் எங்கிட்ட இருக்கு, அவ்வளவுதான்.

இந்த வருஷம் வத்தல் போட்ட கதையைச் சொல்றேன். உங்க ஊர்ல சங்கமோ குழுவோ எந்தப் பேர்ல இருந்தாலும், அங்க ஒருத்தர்கிட்ட ஒண்ணைக் கத்துக்கிட்டு அது மனசுல நின்னிருந்தா நீங்களும் எழுதுங்க. "மிகவும் பயனுள்ளதாக இருந்தது"ன்னு மட்டும் எழுதாதீங்க, அதைத்தான் நான் மாசாமாசம் தீர்மான நோட்டுல எழுதிக்கிட்டிருக்கேன்.

எங்களுக்கு வம்பன் பக்கம். பயறுவகை ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் அங்கதான் இருக்கு. முன்னாடி மஞ்சத் தேமல் விழுந்து உளுந்து வயலே மஞ்சக் குளிச்ச மாதிரி நிக்கும். இப்ப வம்பன் 8 ரக உளுந்து போடுறோம், எழுபது நாள் கணக்குல காயெல்லாம் ஒரே சேரா முத்திருது. அதனால "பயிற்சி"ன்னா எங்காளுங்களுக்குப் பயமில்ல. ஆனா வத்தலுக்குப் பயிற்சின்னு மனையியல் படிச்ச பொண்ணு ஒண்ணு எலக்ட்ரானிக் தராசோட வந்து இறங்குனப்ப, எங்க மன்றத்துலயே மூத்தவங்க, எழுபத்தெட்டு வயசு அப்பத்தா, வெத்தலையை ஒரு கன்னத்துல இருந்து இன்னொரு கன்னத்துக்கு மாத்திக்கிட்டு, "வத்தலுக்குமா?"ன்னாங்க.

விடியக்காலம் நாலு மணிக்கு அண்டாவை ஏத்தினோம். வெயில் ஏறுறதுக்குள்ள துணியில ஊத்தி முடிச்சாகணும். அந்தப் பொண்ணு மூணரைக்கே வந்துருச்சு, அதுலயே எனக்கு அதைப் பிடிச்சுப் போச்சு. ஒரு கிலோ மாவுக்கு இத்தனை கிராம் உப்புன்னு தாள்ல அச்சடிச்சுக் கொண்டு வந்திருந்துச்சு. அப்பத்தா தாளைப் பாக்கவே இல்ல. உப்புச் சட்டியில கையை விட்டு அள்ளினாங்க. "ஒரு நிமிஷம் பாட்டி"ன்னு அது தராசை நீட்டி, அந்தக் கை உப்பை வாங்கி நிறுத்துக் குறிச்சுக்கிச்சு. அடுத்த அண்டாவுக்கும் அப்படியே, மூணாவதுக்கும் அப்படியே. மூணு தடவைக்கும் ரெண்டு கிராம்தான் வித்தியாசம். தாள்ல இருந்த கணக்கை விட அப்பத்தா உப்பு கொஞ்சம் கம்மி. "கூழு வாய்க்கு உப்புக் கொறைவா இருக்கணும்டி. காஞ்சா ஏறிக்கிரும்." தாள்ல அடிச்சுத் திருத்தி எழுதுச்சு.

"வெந்துருச்சுன்னு எப்படித் தெரியும்?"ன்னு கேட்டுச்சு. அப்பத்தா தண்ணியில கையை முக்கி எடுத்து, கொதிக்கிற கூழு மேல ஒரு தட்டுத் தட்டி எடுத்தாங்க. விரல்ல ஒண்ணும் ஒட்டல. "ஒட்டுனா வேகல." அந்தப் பொண்ணும் கையை முக்கித் தட்டுச்சு. தட்டுன வேகம் பத்தல போல, விரலைச் சுட்டுக்கிட்டு வாயில வச்சுக்கிச்சு. திண்ணையே சிரிச்சுது. அப்பத்தா மட்டும் சிரிக்கல, தராசையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பிறகு மெதுவா இடுப்புல இருந்த வெத்தலைப் பையை அவுத்து அதுல வச்சு, "எவ்வளவு காட்டுது?"ன்னாங்க.

ரெண்டாம் நாள் மத்தியானம் கோடை மழை. அள்ளிச் சுருட்டிக்கிட்டு ஓடினோம். அரைக்காய்ச்சல் வத்தல்ல கால்வாசியைப் புள்ளைக தின்னு தீத்துருச்சுக. மிச்சத்தை அங்கன்வாடிக்குள்ள காத்தாடிக்குக் கீழ பரப்பி, மறுநாள் வெயில்ல போட்டோம். சாயங்காலம் அப்பத்தா ஒண்ணைக் காதுகிட்ட ஆட்டிப் பாத்து, "சலசலங்குது, டப்பாவுல போடலாம்"னாங்க. அந்தப் பொண்ணு மொத்தமா இருந்த வத்தலா ஒண்ணைப் பொறுக்கி ரெண்டா ஒடிச்சுது. ஓரம் ஒடிஞ்சுது, நடுவுல வளைஞ்சுது. "உள்ள ஈரம் இருக்கு பாட்டி, பாக்கெட் போட்டா பூசணம் பூக்கும்." அப்பத்தாவும் வாங்கி ஒடிச்சுப் பாத்தாங்க. இன்னொண்ணு ஒடிச்சாங்க. "நாளைக்கும் காயட்டும்"னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அம்பது வருஷமா பாக்குறோம், அப்பத்தா ஒருத்தர் சொல்லிக் கேட்டது அன்னைக்குத்தான்னு எங்க அயித்தை சொல்றாங்க.

திருமயம் பக்கம்

நல்லா இருந்தது. நான் கொஞ்சம் பழைய ஆள், பழைய கதையே சொல்கிறேன்.

1991-ல் எனக்குப் பத்தொன்பது வயது, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டர். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பிள்ளையார் கோயில் வாசலில் அரிக்கேன் வெளிச்சத்தில் வகுப்பு. என் வகுப்பில் பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் என்னை விட மூத்தவர்கள். பகலெல்லாம் கல் உடைத்துவிட்டு வருகிறவர்களை உட்கார வைத்து "அ போடுங்க" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். அதில் ஒரு பெரியம்மாவுக்கு பென்சில் கையில் நிற்கவே நிற்காது, எழுதினால் முனை ஒடியும். ஒரு நாள் கோபத்தில் பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, தரையிலிருந்த மண்ணை அள்ளி இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு 'ட' போட்டார். கோல இழை மாதிரி, அத்தனை நேராக. நான் எழுதுகிற 'ட'வை விட அழகு. மறுநாளிலிருந்து எல்லாருக்கும் கோலப்பொடிதான். 'ட', 'ப', 'ம' மூன்றும் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. 'அ'வுக்குத்தான் ரொம்பப் பாடு.

சைக்கிளும் அந்தக் காலம்தான். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதை அறிவொளியோடு சேர்த்தே முடுக்கிவிட்டார். லேடீஸ் சைக்கிள் கடையில் கிடைக்காமல், பார் வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டினோம். 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டையில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனோம். என் முழங்கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. பெரியம்மாவை முதன்முதலாக டவுனுக்குக் கூட்டிப்போன அன்று, ஒரு மதில் சுவர் முன்னால் நின்றுவிட்டார். எழுத்துக் கூட்டி, ஒவ்வொன்றாக, ஐந்து நிமிஷம் இருக்கும். படித்து முடித்து என் பக்கம் திரும்பி, "விளம்பரம் செய்யாதீர்னு எழுதிருக்கு. இதைச் சொல்லவா இம்புட்டுப் பெருசா எழுதி வச்சிருக்கான்?" என்றார். தெருவென்றும் பார்க்காமல் உட்கார்ந்து சிரித்தேன். அவருக்குக் கோபம். இவ்வளவு நாளாக அதில் ஏதோ பெரிய விஷயம் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

மன்னார்குடி

அரைக்காய்ச்சல் வத்தலைத் தின்ன புள்ளைங்களைக் குறை சொல்லாதீங்க, வத்தல் போடுறதே அதுக்குத்தான். காக்காய்க்கு என்ன பண்ணினீங்க? எங்க தெருவுல கறுப்புக் குடை விரிச்சு வைப்போம். ஒரு வருஷம் காத்துல குடை பறந்து வத்தல் மேலயே விழுந்துருச்சு, காக்காயே தேவலாம்னு ஆயிருச்சு.

பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்

எங்க மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில 1989-ல தமிழ்நாட்டுலயே முதல்ல மகளிர் குழு தொடங்குனது இங்கதான். அந்தப் பெருமையைச் சொல்லிட்டு என் குறையையும் சொல்லிடுறேன். நான் சேர்ந்த குழுவுல மொத நாலு வருஷம் நான் கத்துக்கிட்டது வட்டிக் கணக்கு மட்டும்தான். கூட்டம்னா தவணை கட்டுறது, கட்டாதவங்களைப் பாக்குறது, கலையறது. இங்க எழுதியிருக்கறதைப் படிக்கையில பொறாமையாத்தான் இருக்கு.

அஞ்சாவது வருஷம் சிப்பிக் காளான் சொல்லிக்கொடுக்க ஒருத்தர் வந்தாரு. சொல்லிக்கொடுத்ததுல தப்பில்ல, வந்த மாசம்தான் தப்பு. பங்குனி! தகரக் கொட்டாய்க்குள்ள பன்னண்டு பை தொங்க விட்டோம். எட்டாம் நாள் வெள்ளையா படர வேண்டியது பச்சையா படர்ந்துச்சு, பத்தாம் நாள் நாத்தம் தெருவுக்கு வந்துச்சு. எங்க மாமியார் ஒண்ணும் சொல்லல. தினமும் அந்தக் கொட்டாயைத் தாண்டும்போது முந்தானையால மூக்கை மூடிக்கிட்டுப் போனாங்க, அவ்வளவுதான். அதுக்குத் திட்டியே இருக்கலாம்.

என் ஓரகத்தி விடற ஆள் இல்ல. ஐப்பசியில, மழை பிடிச்ச பிறகு, ஓலைக் கொட்டாய்ல தரைக்கு மணல் கொட்டி, சுத்தியும் ஈரச் சாக்கு கட்டி மறுபடி ஆரம்பிச்சா. வைக்கோலை ரெண்டு அங்குலமா வெட்டி, ஊற வச்சு, முக்கால் மணி நேரம் வேக வச்சு, ஆற விட்டோம். இங்கதான் அந்தக் கூழுக் கதை எனக்கு ஞாபகம் வந்துச்சு. வைக்கோலை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியணும். தண்ணி சொட்டக் கூடாது, ஆனா கையைத் திறந்தா உள்ளங்கை ஈரமா இருக்கணும். சொட்டினா அழுகும், ஈரமே இல்லன்னா வித்து படராது. முதல் தடவை நாங்க சொட்டச் சொட்டப் போட்டிருக்கோம், வெயில் மேல மட்டும் பழி போட்டது நியாயமில்ல.

பதினெட்டாம் நாள் பையெல்லாம் பஞ்சு மாதிரி வெள்ளை. பிறகு நாலஞ்சு நாள்ல குண்டூசித் தலை மாதிரி மொட்டு. ராத்திரி பாத்தப்ப மொட்டு, விடிஞ்சு பாத்தா உள்ளங்கை அகலம். முதல் பறிப்புல நாலு கிலோவுக்கு மேல கிடைச்சுது. குழம்பு வச்சு மாமியாருக்கு ஊத்தினேன். "நாய்க்கொடையை நான் திங்க மாட்டேன்"னு சொல்லி ரசம் ஊத்திக்கிட்டாங்க. மூணாவது பறிப்புல, நான் இல்லாத நேரமாப் பாத்து, பேரனுக்குன்னு சொல்லி ஒரு கிண்ணம் எடுத்துப் போனதை ஓரகத்தி பாத்திருக்கா. பேரன் அன்னைக்கு ஸ்கூல்ல இருந்தான்.

யாழ்ப்பாணம் – இப்ப ஒன்ராறியோ

எல்லாரின்ர கதையும் வாசிச்சன். என்ர அம்மம்மா மாதர் சங்கத்துக்குப் போறவ. தையல், பன்னவேலை (ஓலையில பின்னுற வேலை), கைக்குழந்தைப் பராமரிப்பு எண்டு ஒவ்வொரு காலத்துக்கு ஒவ்வொரு வகுப்பு. ஆவணியில பனம்பழம் விழத் தொடங்கினா வகுப்பு ஒண்டும் இல்லை, எல்லாரும் பனாட்டு. பழத்தைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு களி எடுத்து, வடிச்சு, பந்தலில விரிச்ச பாயில ஊத்திக் காயவிடுறது. காய்ஞ்சது மேல அடுத்த நாள் களி. அப்பிடியே படை படையா ஏறும். அம்மம்மா ஒவ்வொரு நாளும் காலமை விரலால தொட்டுப் பாப்பா. ஒட்டினால் அண்டைக்குக் களி ஊத்த விடமாட்டா. உங்கட அப்பத்தாவை வாசிக்க எனக்கு அம்மம்மாவின்ர விரல்தான் தெரிஞ்சது.

நான் இஞ்ச வந்த பிறகு ஒரு விசயம் தெரிஞ்சுகொண்டன். இலங்கையில கிராமத்துப் பெண்களுக்காக லங்கா மகிலா சமித்தியை 1930-ல தொடங்கினவ மேரி ரட்ணம் எண்ட டொக்டர். கனடாவில பிறந்து, யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரைக் கலியாணம் செய்து, 1896-ல இலங்கைக்கு வந்தவ. 1958-ல அவவுக்கு மக்சேசே விருதும் கிடைச்சது. அவ பின்பற்றினது கனடாக் கிராமத்துப் பெண்கள் சங்கங்களை. அதுகளில முதல் சங்கம் 1897 பெப்ரவரியில ஸ்ரோனி கிறீக்கில தொடங்கினது. நான் இருக்கிற ஹமில்ரனுக்குக் கிட்ட! அதுக்குத் தூண்டுதலா இருந்த அடிலெயிட் ஹூட்லெஸ், கெட்டுப்போன பாலால தன்ர குழந்தையைப் பறிகொடுத்த தாய். வீட்டுச் சுத்தத்தைப் பாடமாச் சொல்லிக்குடுக்க வேணும் எண்டு ஊர் ஊராப் பேசித் திரிஞ்சவ. முதல் கூட்டத்துக்கு 101 பெண்கள் வந்தவை, ஆம்பிளை ஒராள்தான். அந்த ஆளின்ர வீடு இப்ப நூதனசாலை. நான் போய்ப் பாத்தன். அம்மம்மாவும் இருந்திருந்தால் முதலில குசினியைத்தான் பாத்திருப்பா.

பிறகு ஒரு ஆனி மாதம், ஸ்ரோபெரிக் காலம், அப்பிடியான ஒரு சங்கத்தின்ர ஜாம் காய்ச்சுற நாளுக்குப் போனன். எண்பது வயசு வெள்ளைக்கார அம்மா ஒராள். வெப்பமானி மேசையில கிடக்குது, அவ தொடவே இல்லை. குளிர்பெட்டியில வச்ச கோப்பையில ஒரு சொட்டு ஜாமை விட்டு, சின்ன விரலால தள்ளினா. சுருக்கம் விழேல்லை. தலையை ஆட்டினா. கொஞ்சத்தால திரும்பத் தள்ளினா. மெல்லிசாச் சுருங்கினது. அடுப்பை நிப்பாட்டச் சொன்னா. எனக்கு வாயில வந்த சொல் "பதம்". இங்கிலிசில அதை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல் நிண்டன். அவ என்னைப் பாத்து என்ன சொன்னனி எண்டு கேட்டா. திரும்ப "பதம்" எண்டன். "பாடம்" எண்டு சொல்லிப் பாத்தா. பரவாயில்லை எண்டு விட்டிட்டன்.

ஆலங்குடிப் பக்கம்

எல்லாத்தையும் சனிக்கிழமைக் கூட்டத்துல சத்தமா வாசிச்சேன். பாலக்கோட்டு மாமியாருக்குத்தான் சிரிப்பு அதிகம். மன்னார்குடிக்குப் பதில்: காக்காய்க்கு நாங்க காவல்தான், முறை போட்டு.

வத்தல் பாக்கெட் போட்டாச்சு, பாதி வித்தும் போச்சு. அடுத்தது ஆடிப்பட்டம். கத்தரி, வெண்டை, அவரை விதை வச்சிருக்கவங்க ஆனி மாசக் கூட்டத்துக்கு ஒரு பிடி கொண்டாரணும்னு தீர்மானம் போட்டிருக்கோம். தராசுப் பொண்ணு மறுபடி வருது, அப்பத்தாவே தேதி கேட்டுட்டாங்க.

யாழ்ப்பாணத்து அக்காவுக்கு ஒரு கேள்வி. பனாட்டைப் பத்தி வாசிக்கையில அப்பத்தா வெத்தலை போடுறதையே நிறுத்திட்டுக் கேட்டாங்க. எங்க ஊர்லயும் பனை நிறைய நிக்குது, பழத்தைச் சுட்டுத் திங்கிறதோட சரி. பனங்களியில உப்புப் போடுவாங்களா, போட்டா எவ்வளவுன்னு கேக்கச் சொன்னாங்க. கிராம்ல வேண்டாமாம், கைக் கணக்குல சொல்லுங்க.