"அது என் ஸ்டைல்" என்று சொல்வதற்கு முன் அனாட்டமி படித்தே ஆகவேண்டுமா?

கரிக்கோடு:
சிறுகதைகளுக்குக் கோட்டோவியம் வரைந்து பழகுகிறேன். நீண்ட கழுத்து, பெரிய கண், ஒடிசலான உடம்பு என்று வேண்டுமென்றே அளவு மாற்றிய உருவங்கள். நேர் முகமும் பக்கவாட்டு முகமும் வந்துவிடும். முக்கால் பக்கம் திருப்பினால் ஆளே மாறிவிடுகிறார். கைகளை முதுகுக்குப் பின்னாலோ சட்டைப் பையிலோ ஒளித்துவிடுகிறேன். "இரண்டு வருஷம் அனாட்டமி (உடற்கூறு) முடி, அப்புறம் ஸ்டைலைப் பேசு" என்கிறார்கள் சிலர். "அதெல்லாம் படித்தால் உன் கோடு செத்துவிடும்" என்கிறார்கள் வேறு சிலர். தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். எதைப் படிப்பது, எதை விடுவது?

முட்டைக்கோளம்:
கையை ஒளிக்கிறீர்கள் என்றால் அது ஸ்டைல் இல்லை, தப்பித்தல். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஒரே உருவத்தை நேராக, முக்கால் பக்கமாக, கீழே குனிந்தபடி என்று மூன்று முறை வரையுங்கள். மூன்றிலும் கழுத்து அதே அளவு நீண்டு, கண் அதே விகிதத்தில் பெரிதாக இருந்தால் அந்த மாற்றம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி வந்தால் அது பிழை.

முக்கால் பக்கத்தில் உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். முகத்தின் நடுக்கோட்டைத் தள்ளிப் போடுகிறோம், ஆனால் கண், வாய் இரண்டையும் நேர்முகத்தில் பழகிய மாதிரியே சம அகலத்தில் வரைகிறோம். தூரத்துக் கண் அகலத்தில் குறைய வேண்டும். மூக்குத் தண்டு அதன் உள்மூலையைக் கொஞ்சம் மறைக்கும். வாயின் தூரப் பாதியும் சுருங்கும். நடுக்கோடு நேர்கோடாக இருக்கக் கூடாது, முட்டையின் மேல் ஒட்டிய நூல் போல வளைய வேண்டும். இன்னொரு பிழை, பின்மண்டையை வெட்டிவிடுவது. பக்கவாட்டில் பார்த்தால் தலையின் ஆழம் ஏறக்குறைய அதன் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். காதை முகத்தின் ஓரத்தில் ஒட்டிவிட்டால் அதற்குப் பின்னால் மண்டைக்கு இடமே இருக்காது.

கண்கள் தலை உயரத்தின் சரிபாதியில் இருக்கும், உச்சியிலிருந்து தாடை வரை அளந்தால். புதியவர்கள் எல்லோரும் மேலே ஏற்றித்தான் வைப்பார்கள், ஏனென்றால் நெற்றியிலும் முடியிலும் பார்க்க ஒன்றும் இல்லை என்று மனசு அதைச் சுருக்கிவிடுகிறது.

கைக்கு: விரல்களில் தொடங்காதீர்கள். புறங்கையை ஒரு தட்டையான பெட்டியாகப் போடுங்கள். நடுவிரல் முட்டியிலிருந்து நுனி வரையும், அதே முட்டியிலிருந்து மணிக்கட்டு வரையும் ஏறக்குறைய சமம். நான்கு முட்டிகளும் ஒரு வில்லில் வரும், நேர்கோட்டில் வராது. கட்டைவிரல் வேறு திசையில் திரும்பியிருக்கும். அதை மற்ற நான்கோடு ஒரே தளத்தில் வைப்பதால்தான் கை சீப்பு மாதிரி தெரிகிறது.

தசைகளின் பெயரெல்லாம் உங்களுக்கு வேண்டாம். தலை, மார்புக்கூடு, இடுப்பு என்று மூன்று பெட்டிகள், அவை எந்தப் பக்கம் சாய்கின்றன, அது போதும்.

சூத்திரநூல்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் "அடிப்படை" என்றாலே ஐரோப்பியப் பள்ளி அனாட்டமிதான் என்று ஏன் எடுத்துக்கொள்கிறோம்? நம் சிற்பிகள் தசையைப் படித்து விக்கிரகம் செய்யவில்லை. அவர்களுக்கு அடிப்படை தாலமானம், அதாவது உருவத்தின் உயரத்தைப் பங்குகளாகப் பிரிக்கும் அளவுமுறை. ஒன்பது தாலம் என்றால் 108 பங்கு, ஒரு தாலத்துக்கு 12. பெரிய தெய்வங்களுக்குப் பத்துத் தாலத்தில் மேல்வகையான உத்தம தசதாலம், 124 பங்கு. தேவியருக்கு அதன் நடுவகையான மத்திம தசதாலம், 120. பிள்ளையாருக்கு ஐந்து தாலம்தான். யானைத் தலையும் பெருவயிறும் குட்டைக் காலும் எந்த மனித உடம்பிலும் கிடையாது, ஆனாலும் உருவம் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அளவை மாற்றுவதற்கே ஓர் அளவு இருந்தது என்பதுதான் காரணம். நேர்நிலை பார்க்க மேலிருந்து விடும் தொங்குநூலும் அப்படியே. மூன்று வளைவாக நிற்கும் திரிபங்கத்தில் தலை ஒரு பக்கம், உடல் மறுபக்கம், இடுப்பு மீண்டும் இந்தப் பக்கம் என்று வளைந்தாலும், நூல் எங்கே விழுகிறது என்று ஸ்தபதிக்குத் தெரியும். அதனால்தான் சிலை சாய்வது போல் தோன்றுவதில்லை.

நண்பருக்கு நீண்ட கழுத்து வேண்டுமா? எத்தனை பங்கு என்று முடிவு செய்து காகிதத்தின் ஓரத்தில் ஒரு அளவுகோல் வரைந்து வைக்கட்டும். தலை 1, கழுத்து முக்கால், உடல் 2, கால் 4, இப்படி ஏதாவது. ஒரு மாதம் அந்த அளவை மீறாமல் வரையட்டும். அதுதான் அவருடைய அடிப்படை.

கோடு செத்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு: ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையைத் தொடங்குவதற்கு முன் நீர்வண்ணத்தில் நிலக்காட்சிகள் வரைந்து பெயர் வாங்கியவர். கோடு சாகவில்லை.

முட்டைக்கோளம்:
தாலமானத்தை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது அசையாமல் நிற்கும் உருவத்துக்கு. கதைக்கு வரைகிறவர் பேருந்தில் ஏறுகிறவரை வரைய வேண்டும், திண்ணையில் சரிந்து தூங்குகிறவரை வரைய வேண்டும். அங்கே பங்குக் கணக்கு பாதியில் கைவிட்டுவிடும். நம்மை நோக்கி நீட்டிய கையில் 108 எங்கே வரும்? பார்த்து அளக்கத்தான் வேண்டும்.

சூத்திரநூல்:
சரி, நீட்டிய கைக்கு உங்கள் முறை. நிற்கிற உருவத்துக்கு என்னுடையது.

ஆளிவிதை:
"கற்காமலே மீறியவர்" என்று எல்லோரும் வான்கோவைக் காட்டுவார்கள். 1880இல், 27 வயதில் தொடங்கியவர் ஷார்ல் பார்க் என்பவரின் வரைதல் பாடத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நகலெடுத்தார். 1882இல் பெர்ஸ்பெக்டிவுக்காக, அதாவது தொலைவைச் சரியாகக் காட்ட, கம்பி கட்டிய சட்டம் ஒன்றும் செய்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் நீண்ட நாள் இருக்கவில்லை என்பதும் படிக்கவில்லை என்பதும் ஒன்றல்ல.

நான் சொல்ல வந்தது வேறு. விதிகளில் இரண்டு ஜாதி உண்டு. கண்ணுக்கான விதியை மீறினால் படம் வித்தியாசமாக இருக்கும். பொருளுக்கான விதியை மீறினால் படமே இருக்காது. லியோனார்தோ 'கடைசி இராவுணவை' ஈரச் சுண்ணாம்பில் வரையாமல் காய்ந்த சுவரில் வரைந்தார். ஈரச் சுண்ணாம்பு இறுகும்போது வண்ணத்தைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும். காய்ந்த சுவரில் அது மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்கும். 1498 வாக்கில் முடித்த படம் இருபதாண்டுக்குள்ளேயே உதிர ஆரம்பித்துவிட்டது.

எண்ணெய் வண்ணத்துக்குப் போனால் அடி அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம். தலைகீழாகச் செய்தால் மேல் அடுக்கு இறுகிய பிறகும் கீழே இருப்பது அசைந்துகொண்டிருக்கும், வெடிப்பு விழும். அக்ரிலிக் மேல் எண்ணெய் போடலாம், எண்ணெய் மேல் அக்ரிலிக் போட்டால் உரிந்து வரும். வெறும் கித்தானில் நேராக எண்ணெய் தடவினால் நூலே மக்கும்.

கோட்டோவியக்காரருக்கு இதில் உள்ள பங்கு மை. சாதாரண ஸ்கெட்ச் பேனாவும் பால்பாயிண்டும் வெளிச்சத்தில் வெளிறும். நிறமித் துகள் கலந்த மை நிற்கும். வாங்கிய பேனா எது என்று தெரிய, ஒரு தாளில் கோடுகள் போட்டு, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு மாதம் ஒட்டி வையுங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்தப் பேனா பயிற்சிக்கு மட்டும்.

கரிக்கோடு:
மூன்று உருவச் சோதனை செய்தேன். மூன்றிலும் கழுத்து மூன்று அளவு. பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

முட்டைக்கோளம்:
முதல் 10 நிமிடம் கையைச் சூடாக்க: தோளிலிருந்து இழுக்கும் நீளக் கோடுகள், வட்டங்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் நீளக் கோடு வளைந்துவிடும்.

அடுத்த 25 நிமிடம் பார்த்து வரைதல். முதல் மாதம் குத்துவிளக்கு. சிரிக்காதீர்கள், இதைவிட நல்ல பாடம் வீட்டில் வேறு கிடையாது. நடு அச்சு ஒன்று, அதில் வெவ்வேறு உயரத்தில் வட்டத் தட்டுகள். கண் மட்டத்தில் இருக்கும் தட்டு வெறும் கோடாகத் தெரியும், கீழே போகப் போக நீள்வட்டம் திறக்கும். அடித்தட்டை மேல்தட்டைவிடத் தட்டையாக வரைந்தால் விளக்கு காற்றில் மிதக்கும். நீள்வட்டத்தின் இரு முனைகளையும் கூராக்காதீர்கள், அங்கேயும் வளைவுதான். இதில் கை பழகினால் கழுத்து, சட்டைக் கை, தலைப்பாகை எல்லாம் தானாக வரும், ஏனென்றால் அவையும் உருளைகளே. இரண்டாம் மாதத்திலிருந்து உங்கள் இடது கை, கண்ணாடியில் உங்கள் முகம். பென்சிலால் அளக்கும்போது முழங்கையை மடக்காதீர்கள், ஒரு கண்ணை மூடுங்கள். கை மடங்கினால் ஒவ்வொரு முறையும் அளவு மாறும்.

மீதி 25 நிமிடம் உங்கள் ஸ்டைலுக்கு. இதைத் தள்ளிப்போட வேண்டாம், முதல் நாளிலிருந்தே. பிக்காசோ 1945 டிசம்பரில் தொடங்கி ஒரு காளையைக் கல்லச்சில் 11 படிகளாகக் குறைத்துக்கொண்டே போனார், தசையும் நிழலும் உள்ள காளை கடைசியில் சில கோடுகளாக நின்றது. அதே மாதிரி அன்று பார்த்து வரைந்ததன் மேல் டிரேசிங் தாள் வைத்து ஒரு படி குறையுங்கள், அதன் மேல் இன்னொரு தாள், இப்படி நான்கைந்து. எந்தத் தாளில் அது யார் என்று தெரியாமல் போகிறதோ, அதற்கு முந்தைய தாளில் நிறுத்துங்கள். அளவை மாற்றுவதையும் இந்தத் தாள்களிலேயே செய்யுங்கள், அடியில் உள்ள படத்தில் செய்யாதீர்கள்.

சூத்திரநூல்:
தாள்களுக்குத் தேதி போட்டு எண் எழுதி வையுங்கள். அடுக்கு கலைந்துவிட்டால் எது எதிலிருந்து வந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.