புதுப்பிப்பு: கறுப்பியின் ஒப்பரேஷனுக்குப் பிறகு

கருத்தடை ஒப்பரேஷன் முடிந்து வந்த எங்கள் நாய் கறுப்பி, இரவில் படுக்காமல் மூச்சிரைத்துக்கொண்டு நிற்கிறாள், பனடோல் (பரசிட்டமோல்) கொடுக்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். "நாய்தானே, தானாக மாறும்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அப்படி விட மனம் வரவில்லை. கிளிநொச்சியில் மிருக வைத்தியரிடம் திரும்பவும் கொண்டுபோனோம். முதுகை வளைத்து நிற்பதும் வயிற்றைத் தொட விடாததும் நோவின் அடையாளம்தான் என்றார். நிறை பார்த்து மெலொக்சிகாம் என்ற நோ மருந்து தந்தார். நாளுக்கு ஒரு தடவை, சாப்பாட்டோடு. அன்றிரவே சுருண்டு படுத்தாள்.

சரி, பனடோல் கதை. மனிதரின் குளிசையை நாமாகக் கொடுக்கவே கூடாது. இபுபுரோஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பனடோல் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு ஒரு குளிசையே உயிரை எடுக்கக்கூடும். மெலொக்சிகாமிலும் கவனம் வேண்டும்: சத்தியோ கறுப்பு மலமோ கண்டால் நிறுத்திவிட்டு வைத்தியரைக் கேளுங்கள். வன்னி வெயிலில் தண்ணீர் குடிக்கிறதா என்றும் பாருங்கள். உடலில் நீர் குறைந்தால் இந்த மருந்தும் சிறுநீரகத்தைத் தாக்கும்.

மஞ்சள் பூசச் சொன்ன அன்ரிமாருக்கு: பூசவில்லை, நக்கித் தையலைப் பிரித்துவிடுவாள். நக்காமல் இருக்கப் பழைய வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறோம். தையல் வெட்ட இன்னும் நாள் கிடக்கு, இப்பவே கோழியைத் துரத்தப் பார்க்கிறாள். கட்டித்தான் வைத்திருக்கிறோம்.