டிரம்ஸ் பதிவில் துருத்தும் முகடுகள்: மூன்று கருவிகளுக்குச் சொல் வேண்டும்

கடலூர் முதுநகரிலிருந்து:
அன்பர்களே, வீட்டிலேயே டிரம்ஸ் பதிவு செய்யும் இளைஞர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஸ்நேர் என்னும் டிரம்மில் குச்சி விழும் கணத்தில் ஒலியலை ஊசியாக எழும்பி, சில மில்லி விநாடிகளில் இறங்கிவிடுகிறது. அந்த முகடு, டிஜிட்டல் பதிவு தாங்கும் உச்சமான 0 டெசிபெல் எல்லையை முட்டுவதால் மொத்தப் பதிவின் ஒலியை உயர்த்த முடிவதில்லை. இதைத் தணிக்கும் கம்ப்ரஸர், லிமிட்டர், கிளிப்பர் மூன்றுக்கும் 'அமுக்கி, வரம்பி, வெட்டி' என்று எழுதியிருக்கிறேன். தகுமா?

முத்தியால்பேட்டையிலிருந்து:
ஐயா, 'வெட்டி' வேண்டவே வேண்டாம்; 'வெட்டி வேலை'தான் மாணவர் காதில் விழும். 'அமுக்கி' பஞ்சர் கடைக்கு உரியது. சிலப்பதிகார அரங்கேற்றுகாதையில் தண்ணுமை என்னும் முழவை வாசிக்கும் முதல்வனுக்கு இளங்கோவடிகள் வகுத்த இலக்கணம் 'ஆக்கலும் அடக்கலும் மீத்திறம் படாமை'. குறைவதை நிரப்புவது ஆக்கல், விஞ்சுவதைத் தணிப்பது அடக்கல். கம்ப்ரஸரும் முகட்டை அடக்கிவிட்டு, குறைந்த ஒலியளவைப் பிறகு கூட்டித் தருகிறது. எனவே 'அடக்கி'. நன்னூலார் 'எடுத்தல் படுத்தல் நலிதல்' என்றாரே, அந்தப் படுத்தலிலிருந்து 'படுத்தி' என்றும் ஆக்கலாம். முகடு, முகை, முகிழ், முகில் எல்லாம் மேலெழுதலைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது என் துணிபு.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
வணக்கம் ஐயா. 'படுத்தி' என்றால் தொல்லை கொடுப்பதுதான் எவருக்கும் தோன்றும். முகடும் முகையும் ஒரே வேராகவே இருக்கட்டும், கையேடு அதனால் ஒரு வரிகூட நகராது.

என் கவலை வேறு. 'அடக்கி' என்று பெயர் வைத்தால், கம்ப்ரஸர் முகட்டை அடக்கியே தீரும் என்று மாணவர்கள் நம்பிவிடுவார்கள். அது வேலையைத் தொடங்கும் நேரத்தை 20 மில்லி விநாடி என்று வைத்தால் குச்சியடி தப்பிவிடும். பின்னால் வரும் அதிர்வுதான் தணியும், அடி முன்பைவிடத் துருத்தும். 1 மில்லி விநாடிக்கும் கீழே வைத்தால் முகடு அகப்படும், ஆனால் அடியின் உயிர்ப்பு போய்விடும். அதனால்தான் டிரம்ஸுக்குக் கிளிப்பரை நாடுகிறார்கள். எல்லைக்கு மேலே நீட்டிய நுனியை மட்டும் அந்தக் கணமே சீவிவிட்டு, மற்றதைத் தொடாமல் விடுகிறது. 2 அல்லது 3 டெசிபெல் சீவினால் பெரும்பாலும் காதுக்குத் தெரிவதில்லை.

பதிவின்போதே ஒலி மிகுந்து அலையின் தலை தட்டையானாலும் ஆங்கிலத்தில் அதே 'கிளிப்பிங்' என்ற பெயர்தான். அது பிழை, இழந்தது முழுதாகத் திரும்பாது. தமிழில் நாம் ஏன் குழப்ப வேண்டும்? தன்வினையும் பிறவினையும் இருக்கின்றனவே! தானாக நேர்ந்தால் மழுங்கல், நாமாகச் செய்தால் மழுக்கல். கருவி 'மழுக்கி'.

தேவனாம்பட்டினத்திலிருந்து:
அக்கா, சொல் பொருத்தம்தான்; செயலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பறையை நெருப்பில் காய்ச்சுவதே தோல் இறுகி அடி கூராக வேண்டும் என்பதற்காக; அந்தக் கூரை ஏன் மழுக்க வேண்டும்? மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்து, முகடு எல்லைக்கு 10 டெசிபெல் கீழேயே நிற்கும்படி 24 பிட்டில் பதியட்டும். கையேட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
'மழுங்கிய புத்தி' என்ற வழக்கு இருக்கும்போது 'மழுக்கி' இழிவாகப்படும். 'சீவி' என்னலாமே?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
சீவினால் முனை கூராகிவிடும் ஐயா. பென்சிலைச் சீவுவது அதற்குத்தானே?

கடலூர் முதுநகரிலிருந்து:
மழுங்கல், மழுக்கல், மழுக்கி மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். கம்ப்ரஸருக்குத் தனிமடலில் பலர் கேட்டபடி 'அமுக்கி'. எல்லையைத் தாண்டவே விடாத லிமிட்டருக்கு 'அடக்கி'. மென்பொருளில் கம்ப்ரஸர் என்றே இருப்பதால் அந்தப் பெயரையும் பக்கத்தில் தருகிறேன். மைக் வைக்கும் முறை முதல் பக்கத்திலேயே வரும், தம்பி.

முத்தியால்பேட்டையிலிருந்து:
லிமிட்டருக்கு 'அடக்கி' என்பதை நான் ஏற்கவில்லை. இளங்கோ சொன்னது அளவறிந்து அடக்குவதை. லிமிட்டர் வெறும் தடுப்புச்சுவர். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். முகடு பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.