எம்ஜிபி-யா, டிரையம்ஃப் டிஆர்6-ஆ?

கோடைமேகம்: 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார் தேடியவருக்கு எம்ஜிபி-யும் டிரையம்ஃப் டிஆர்6-ம் முதலில் கண்ணில் பட்டிருக்கும். “டிஆர்6 பக்கத்தில் எம்ஜிபி நிற்கவே முடியாது” என்று இன்னொரு இழையில் ஆறுசிலிண்டர் எழுதியிருந்தார். அப்படி ஒரேயடியாகச் சொல்லலாமா?

ஆறுசிலிண்டர்: தாராளமாகச் சொல்லலாம். எம்ஜிபி-க்கு 1798 சிசி, நாலு சிலிண்டர், 95 குதிரைத்திறன். டிஆர்6-க்கு 2498 சிசி, ஆறு சிலிண்டர், லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் முறை), 150 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைலைத் தொட எம்ஜிபி-க்குச் சுமார் 12 நொடி, டிஆர்6-க்கு எட்டரை நொடி போதும். பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வேறு. எம்ஜிபி 1980-ல் நிறுத்தப்படும்வரை பின்னால் லீஃப் ஸ்பிரிங்கைத்தான் (பட்டை வில்) கட்டி அழுதது.

பழையஇரும்பு: அந்த 150-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள், நண்பரே. 1973 மாடலுக்கு 125 என்றுதான் போட்டார்கள். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் மாறியது, திறனை அளக்கும் முறையும் மாறியது. அதைவிட முக்கியம், டிஆர்6-ல் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனது. அங்கே புகைக் கட்டுப்பாட்டுக்காக இன்ஜெக்‌ஷன் கிடையாது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்கள்தான். திறன் நூற்றைச் சற்றே தாண்டும். உங்கள் எட்டரை நொடி அந்தக் காரில் வராது.

ஆறுசிலிண்டர்: அமெரிக்கக் கணக்கை எடுத்தால் எம்ஜிபி இன்னும் அடிவாங்கும். 1975 முதல் அங்கே ஒற்றைக் கார்புரேட்டர், 65-ஐக்கூடத் தொடாத திறன்! அதோடு பம்பர் உயர விதிக்காகக் கறுப்பு ரப்பர் பம்பரை மாட்டிக் காரையே தூக்கினார்கள். வளைவில் அது சாய்கிற சாய்வுக்கு அதுதான் காரணம். அந்த முடிவை என்னால் மன்னிக்க முடியாது.

பழையஇரும்பு: அதில் நானும் உங்கள் பக்கம்தான். நான் பேசுவது 1974 வரை வந்த குரோம் பம்பர் காரைப் பற்றி. சரி, லூகாஸ் பம்புக்கு என்ன பதில்? இன்ஜெக்‌ஷனுக்குப் பெட்ரோலைத் தள்ள டிக்கிக்குள் ஒரு மின் பம்ப், சுமார் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அழுத்தம். வெயில் நாளில் டேங்கில் பெட்ரோலும் குறைந்திருந்தால் பம்ப் சூடேறி, பெட்ரோல் ஆவியாகி, எஞ்சின் திக்கித் திணறும். ஓரங்கட்டி, பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். எம்ஜிபி-யின் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களை ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம்.

ஆறுசிலிண்டர்: பாஷ் பம்ப் மாற்றினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் எம்ஜிபி-யின் துருவை என்ன செய்வீர்கள்? அதற்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லை, கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற பாடிப் பகுதிதான் முதுகெலும்பு. அது அரித்த காரை ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து பாருங்கள், திரும்ப ஒழுங்காக மூடாது.

கோடைமேகம்: தனி சேஸிஸ் இருந்தும் டிஆர்6 தப்பவில்லையே. பின் சஸ்பென்ஷன் கைகள் பொருந்தும் இடம் அரிக்கும், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃப்ரன்ஷியலைத் தாங்கும் பிராக்கெட்டில் விரிசல் விழும். கிளட்சை விடும்போது பின்னாலிருந்து “டொக்” என்று கேட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

பழையஇரும்பு: அப்புறம், எம்ஜிபி-க்கு 1988 முதல் புத்தம்புது பாடியே கிடைக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்துச் செய்தது. வேகம்தான் வேண்டும் என்றால் எம்ஜிபி ஜிடி வி8 இருக்கிறது. ரோவரின் எட்டு சிலிண்டர், 3528 சிசி அலுமினிய எஞ்சின், 137 குதிரைத்திறன். உங்கள் டிஆர்6-க்கு அது சளைக்காது.

ஆறுசிலிண்டர்: அருமையான எஞ்சின், மறுக்கவில்லை. ஆனால் 1973 முதல் 1976 வரை 2,600-க்கும் குறைவான கார்கள், அதுவும் கூரை மூடிய கூபே மட்டும். பேச்சு திறந்த காரைப் பற்றி. அதில் தொழிற்சாலையே வி8 மாட்டிக் கொடுத்திருந்தால் நானே எம்ஜி பக்கம் வந்திருப்பேன். அதற்கு 1992-ல் எம்ஜி-யின் திறந்த காரான ஆர்வி8 வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.