லிதுவேனியாவுல ஜெர்மன் படை: சின்ன நாட்டுக்கு இதுல உண்மையான பாதுகாப்பு இருக்கா?

கேள்வி: 2027க்குள்ள ஜெர்மனி சுமார் 5000 பேரை லிதுவேனியாவுல நிரந்தரமா நிறுத்தப் போகுது. ரஷ்யா நிஜமாவே இறங்குனா இவங்க எத்தனை நாள் தாக்குப் பிடிப்பாங்க? நேட்டோ ராணுவக் கூட்டணி ஒப்பந்தத்தோட 5வது பிரிவு (ஒரு உறுப்பு நாட்டைத் தாக்குனா எல்லாரையும் தாக்குன மாதிரின்னு சொல்றது) மட்டும் போதாதா?

பதில் 1: ப்ரோ, தனியா ஜெயிக்கிறதுக்காக அவங்க அங்க இல்ல. 5வது பிரிவுல ஒவ்வொரு நாடும் தனக்கு எது தேவைன்னு தோணுதோ அதைச் செய்யும்னுதான் இருக்கு, படை அனுப்பியே ஆகணும்னு இல்ல, ஆனா முதல் நாளே ஜெர்மன் வீரர்கள் செத்தா பெர்லின் ஒதுங்கி நிக்க முடியாதுல்ல, அந்தக் கணக்கு மாஸ்கோவுக்கும் தெரியும். அதோட போலந்துல இருந்து தரைவழியா உதவி வரணும்னா சுவால்கி இடைவெளி (பெலாரஸுக்கும் ரஷ்யாவோட கலினின்கிராடுக்கும் நடுவுல இருக்கிற குறுகலான எல்லைப் பகுதி) வழியாத்தான் வரணும், அது அடைபட்டா முன்னாடியே உள்ள இருக்கிற படைதான் கைகொடுக்கும்.

பதில் 2: பிலிப்பைன்ஸைப் பாருங்க. 1991ல செனட் 12-11ன்னு ஓட்டுப் போட்டு அமெரிக்கத் தளங்களை வேணாம்னு சொல்லுச்சு, 1995ல பிலிப்பைன்ஸ் தன்னோடதுன்னு சொல்ற தென்சீனக் கடல் பவளத்திட்டு மிஸ்சீஃப் ரீஃபை சீனா பிடிச்சிடுச்சு. அது மட்டுமே காரணம்னு நான் சொல்லல. ஆனா 2014ல அமெரிக்கப் படைக்கு மறுபடி கதவைத் திறந்துட்டாங்க.

பதில் 3: ஜப்பானோட தெற்குல இருக்கிற ஒக்கினாவா தீவு மக்களையும் கேட்கணும் பாஸ். ஜப்பான் நிலத்துல 0.6% தான், ஆனா ஜப்பான்ல இருக்கிற அமெரிக்கத் தளங்களோட பரப்புல சுமார் 70% அங்கதான். 1995ல அமெரிக்க வீரர்கள் ஒரு சிறுமிக்குச் செஞ்ச கொடுமைக்கு அப்புறம் ஜனம் தெருவுக்கு வந்துச்சு. குற்றம் பண்ற வீரனை எந்த நாட்டுக் கோர்ட் விசாரிக்கும்னு லிதுவேனியா இப்பவே கறாரா பேசி எழுதி வாங்கிக்கணும்.