நிலக்கடலைக் காட்டைச் சுற்றிக் கரண்ட் கம்பி: நம் நிலம்தானே என்று விடலாமா?

கடலைக்காடு:
பாலக்கோடு பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் நிலக்கடலை. காய் பிடித்ததிலிருந்து ராத்திரியானால் காட்டுப்பன்றி வந்து கிளறிப் போட்டுவிடுகிறது. வரப்பு முழுக்கப் பழைய சேலை கட்டியும் பயனில்லை. மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்து, முழங்கால் உயரத்தில் கட்டுக்கம்பி சுற்றி, ராத்திரி மட்டும் கரண்ட் விடலாம் என்கிறார் அப்பா. "நம்ம காட்டுக்குள்ள அந்நேரத்துக்கு எவன் வரப்போறான்? வந்தா திருடன்தான்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, பதில் சொல்லவும் தெரியவில்லை. அனுமதியில்லாமல் நுழைகிறவருக்கு நாம் பொறுப்பா?

வக்கீல் ஒருவன்:
பொறுப்புதான். அப்பாவிடம் இன்றைக்கே பேசுங்கள். இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது: செருபின் கிரிகோரி எதிர் பீகார் மாநிலம். 1959இல் ஒருவர் தன் கழிப்பறைக்குப் போகும் வழியில் கரண்ட் பாயும் வெறும் கம்பியைக் கட்டினார். பக்கத்து வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்துவிட்டதால், அந்த வீட்டுப் பெண் இவருடையதற்கு வந்து போனார், சொல்லியும் நிற்கவில்லை. அன்று உள்ளே போகும்போது தப்பித்தவர், திரும்பும்போது கை பட்டு இறந்தார். அத்துமீறி வந்தவர், என் சொத்தைக் காத்தேன் என்ற வாதம் எடுபடவில்லை. அத்துமீறி வந்தவர் என்பதற்காக உயிரைக் குடிக்கிற பொறி வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில், அதாவது அஜாக்கிரதையால் உயிர்ச்சேதம் விளைவித்த குற்றத்தில், தண்டனை உறுதியானது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது அது 106ஆம் பிரிவு. 5 ஆண்டு வரை சிறை.

தாளவாடிக்காரன்:
சட்டம் இருக்கட்டும் தம்பி. எங்கள் ஊரில் இப்படிக் கட்டிய கம்பியில் செத்தது திருடன் இல்லை, விடியுமுன் மாட்டுக்குப் புல்லறுக்க வந்த அக்கா. அரிவாளைப் பிடித்தபடியே கிடந்தார். கட்டியவரும் ராத்திரி மட்டும் என்றுதான் சொன்னார். அன்று காலையில் அணைக்க மறந்துவிட்டார். உங்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் 2023 மார்ச்சில் 3 யானைகள் செத்ததும் இதே மாதிரிக் கம்பியில்தான். குட்டிகள் இரண்டும் அந்த இடத்தை விட்டுப் போகாமல் சுற்றின, நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. சோலார் வேலி போடுங்கள். அதில் கரண்ட் விட்டுவிட்டு நொடியில் சிறு பங்குதான் பாயும். சுரீரென்று அடித்துத் துரத்தும், கொல்லாது. அதற்கும் வனத்துறையில் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். அப்புறம், பயிர்ச் சேதத்துக்கும் அங்கேயே மனுக் கொடுங்கள்.

கடலைக்காடு:
புல்லறுக்க வந்த அக்காவைப் பற்றி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம வரப்பு மேலதான பால்காரம்மா இருட்டோட போகுது" என்றார். வாங்கி வைத்த கம்பிச் சுருளை நாளை கடையில் திருப்பிக் கொடுக்கிறேன்.